முதல் ஞாயிறு மட்டும் ஏன் பாதியில் எழுந்து போகிறீர்கள்?

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் பதில்களை விடாமல் வாசிக்கிறவள் நான். பெயரும் ஊரும் போடவேண்டாம். மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில் என்று மட்டும் இருக்கட்டும். பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. குடிக்காத வீட்டுக்காரர், படிக்கிற பிள்ளைகள், சொந்த வீடு, கொஞ்சம் ரப்பர் விளை. கர்த்தர் குறைவில்லாமல் நடத்துகிறார். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வீட்டுவேலையைச் சந்தோஷமாகச் செய்வது எப்படி?

சிரிக்காதீர்கள் அக்கா. போன மாதம் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஆயரம்மா இதைப் பற்றித்தான் பேசினார்கள். முற்றம் பெருக்கும்போது இருதயத்தின் குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் கழுவும்போது பாட்டுப் பாடுங்கள், முறுமுறுக்காமல் செய்தால் அதுவும் ஆராதனைதான் என்றார்கள். கொலோசெயர் 3:23 வசனத்தை அட்டையில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நானும் கொண்டுவந்து அடுக்களையில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினேன். முதலில் பாட்டு வந்தது. அப்புறம் மீன்சட்டியைக் கையில் எடுத்ததும் தானாக நின்றுவிட்டது. அடிப்பிடித்த நெத்திலியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், மேலே பார்த்தால் “கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்” என்று இருக்கிறது. அழுகை வந்துவிட்டது.

நான் சோம்பேறி இல்லை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, விடிந்த பிறகு எழுந்த நாள் கிடையாது. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் இருட்டோடு பால் வெட்டப் போவார். அதற்கு முன்னால் சாயா. அப்புறம் முற்றம். முற்றத்தில் ஒரு பலா, இரண்டு அயனி மரம். பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் பத்து இலை விழுந்து கிடக்கும். அப்புறம் புட்டோ தோசையோ, மகளுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம், ஷீட் அடித்த தொட்டி கழுவுவது, துணி. மழைக்காலத்தில் துணி காய்வதே இல்லை, வீடு முழுக்கக் கயிறு கட்டியிருக்கிறேன். அவருடைய வெட்டுச் சட்டையில் ரப்பர் பால் ஒட்டினால் எந்தச் சோப்புக்கும் போகாது. மகன் ஹாஸ்டலில் இருக்கிறான். சனிக்கிழமை வருவான், பையைக் கவிழ்ப்பான், திங்கள்கிழமை தேய்த்த துணியோடு போவான். ஒரு வார்த்தை கிடையாது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுதான் எனக்கு.

மைனி, அதாவது அவருடைய அக்காள், திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பிளம் கேக்கோடு வருவார்கள். உட்காரும் முன்னாலே ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். “அம்மை நடமாடுன காலத்துல இந்த வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்” என்பார்கள். வாயே திறக்கமாட்டேன். மாமியும் அப்படித்தான். கிறிஸ்தவ வீடு என்றால் நாலு பேர் வந்து பார்த்து இது கர்த்தருடைய வீடு என்று சொல்லவேண்டும் என்பார்கள். நான் மருமகளாக வந்த புதிதில், நான் கழுவிக் கவிழ்த்த தம்ளரை எடுத்து மறுபடி கழுவுவார்கள். திட்டமாட்டார்கள். கழுவுவார்கள், அவ்வளவுதான்.

மாமி போன வருஷம் மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு. எழுபத்தெட்டு வயது. ஆபரேஷன் செய்தும் எழுந்து நடக்க முடியவில்லை, படுக்கைதான். எல்லாம் நான்தான். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அது என் கடமை. துணி மாற்றுகிற நேரத்தில் மனதில் என்னென்னவோ வரும், அதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். சரி, அதை விடுங்கள். நான் சொல்லவந்தது பாத்திரத்தைப் பற்றி.

மாமிக்குத் தனிப் பாத்திரம், எங்களுக்குத் தனி, மகளுக்கு மீன்வாடை ஆகாது என்று அவளுக்குத் தனி. நாளுக்கு நாலு தடவை கழுவுகிறேன். ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தோம். மூலையில் பெருக்கவே மாட்டாள். பின்னாலேயே போய் நான் பெருக்கினேன், பிறகு எதற்குச் சம்பளம் என்று நிறுத்திவிட்டேன். அவரும் ஒருநாள், நான் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமிக்கு விரிப்பு மாற்றியிருந்தார். ஆண்பிள்ளை விரித்த விரிப்பு எப்படி இருக்கும்? சுருங்கிக் கிடந்தது. கட்டின சேலையை மாற்றாமலே பிரித்து மறுபடி விரித்தேன். என் தங்கச்சி பாறசாலையில் இருக்கிறாள். அங்கே படுத்திருக்கிறவர்களைப் பார்க்க வீட்டுக்கே நர்ஸ் வருகிறார்களாம், நீயும் இங்கே விசாரித்துப் பார் என்கிறாள். வெளியாட்கள் வந்து இந்த வீடு கிடக்கிற கிடையைப் பார்க்கவேண்டுமா? வேண்டாம்.

எல்லா ஞாயிறும் கோயிலுக்குப் போகிறேன். ஐக்கியம் இருக்கிற ஞாயிறு முடிந்து வர மதியம் ஒரு மணிகூட ஆகிவிடும். அவர் சாயங்கால ஆராதனைக்குப் போகிறவர் என்பதால் காலையில் வீட்டில் இருப்பார். முதல் ஞாயிறு திருவிருந்து அன்றைக்கு மட்டும் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுகிறேன், மாமிக்குக் கஞ்சி கொடுக்கவேண்டுமே. ஜெபத்தில் குறைவில்லை. ஆனால் மற்றப் பெண்கள் வேலையையும் செய்துகொண்டு முகத்தில் சிரிப்போடு இருக்கிறார்கள், எனக்கு மட்டும் வாரியலைத் தொட்டாலே எரிச்சல். விசுவாசக் குறைவா? சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது என்று வேதத்தில் ஒரு வசனம் இருக்கிறதே, அது எந்த அதிகாரம்? அதையும் எழுதி ஒட்டலாம் என்று நினைக்கிறேன். சந்தோஷமாக வேலை செய்ய இன்னும் சில வசனங்களும் வழிகளும் சொல்லுங்கள்.

கர்த்தருக்குள்,
ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் பாத்திரத்தைப் பற்றி நிறைய இருக்கிறது. கஞ்சியைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஐக்கியம் இருக்கிற ஞாயிறு வீட்டுக்கு வர ஒரு மணி ஆகிறது. அன்றைக்கு மாமி பட்டினி கிடப்பதில்லை, வீட்டில் இருக்கிற மகன் கஞ்சி கொடுத்துவிடுகிறார். அதே மனுஷர் முதல் ஞாயிறும் வீட்டில்தானே இருக்கிறார்? அப்படியென்றால் பிரசங்கம் முடிந்ததும் நீங்கள் எழுந்து போவது கஞ்சிக்காக இல்லை. அப்பமும் ரசமும் உங்கள் வரிசைக்கு வருவதற்கு முன்னால் வெளியே போய்விடவேண்டும், அதற்காக. இந்த ஒரு வரியை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குக் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. துணி மாற்றுகிற நேரத்தில் மனதில் வருவதை எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்கு ஓடிவிட்டீர்கள். நான் ஊகித்துச் சொல்கிறேன், தவறு என்றால் மறுபடி எழுதுங்கள். ஆண்டவரே, இவர்களை எடுத்துக்கொள்ளக்கூடாதா என்று வந்திருக்கும். ஒருநாள் வந்து போயிருந்தால் மறந்திருப்பீர்கள். அடிக்கடி வருகிறது. அது வந்த கையோடு எப்படித் திருவிருந்தில் கை நீட்டுவது என்று உங்களுக்குப் பயம்.

படுக்கையில் இருப்பவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிறவர்களில் இந்த நினைப்பு வராதவர்கள் அபூர்வம். சொல்கிறவர்கள்தான் குறைவு. பெற்ற தாயைப் பார்க்கிற மகளுக்கே வரும், மருமகளுக்கு வருவதில் என்ன அதிசயம்? அவர் படுகிற பாடு முடியவேண்டும், நான் படுகிற பாடும் முடியவேண்டும், இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னி வருகிற நினைப்பு அது. தூங்காத உடம்பும் குனிந்தே இருக்கிற இடுப்பும் அதை இன்னும் சத்தமாகச் சொல்லும். அது வந்துகொண்டிருக்கும்போதே உங்கள் கை அவரைத் துடைத்துக்கொண்டிருந்தது. உங்களை நான் எடைபோடுவதாக இருந்தால் அந்தக் கையை வைத்துத்தான் போடுவேன்.

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக்கூடாது என்கிற வசனம் உங்களை வாசலுக்குத் தள்ளியிருக்கிறது. 1 கொரிந்தியர் 11ஐ அந்த வசனத்தில் தொடங்காமல் சற்று மேலேயிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாய் இருந்தான், ஒருவன் வெறியாய் இருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்றுதான் பவுல் கோபப்படுகிறார். கடைசியில் அவர் சொல்கிற தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. அதாவது அந்த அதிகாரத்தில் கண்டிக்கப்படுகிறவர்கள், பக்கத்தில் பசித்திருப்பவரை நினைக்காமல் சாப்பிட்டு முடித்தவர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆறிய சோற்றோடு உட்காருகிறவர் யார்? அந்த அதிகாரம் உங்கள் பக்கம் நிற்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் எழுதியிருக்கிறது. சோதித்தறிந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது என்று வேதத்தில் எந்த அதிகாரமும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி உடையைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் சொன்னது அது. எழுதி ஒட்டவேண்டாம், உங்கள் அடுக்களைச் சுவரில் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வாசகம் நம் பகுதியில் வேதவசனம் மாதிரி வேர்பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு, அது உங்கள் மாமியைப் புரிந்துகொள்ள உதவும். இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அதற்கு முன்னால் திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே அடிமைமுறையை ஒழித்தது 1855ல். நாடார் பெண்கள் மார்பை மூடி ரவிக்கை போட்டுக்கொள்ளலாம் என்று மகாராஜா ஒப்புக்கொண்டது 1859ல். அதற்கு முன்னால் மேலாடை போட்டதற்காகச் சந்தையில் துணி கிழிபட்ட பெண்கள் நம் ஊர்க்காரிகள். அந்தக் காலத்தில் சபையில் சேர்ந்த குடும்பங்களுக்கு வெளுத்த துணியும், பெருக்கிய முற்றமும், துலக்கிய பாத்திரமும் பக்தி மட்டுமல்ல, மானமும்கூட. எங்களை அழுக்கு என்று தள்ளிவைத்தீர்களே, வந்து பாருங்கள் என்று ஊருக்குக் காட்டுவது. நாலைந்து தலைமுறையாகத் தாய் மகளுக்கும் மாமி மருமகளுக்கும் கொடுத்துவந்தது அது. நீங்கள் கழுவிய தம்ளரை மாமி மறுபடி கழுவியது உங்களை மட்டம் தட்ட என்று நினைத்தீர்கள். கொஞ்சம் அதுவும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பெண்மணி இப்போது தன் துணி நனைந்ததைத் தானே மாற்ற முடியாமல் கிடக்கிறார். வாழ்நாள் முழுக்க எதை வைத்துத் தலைநிமிர்ந்து நடந்தாரோ அது போய்விட்டது. அதை அருகில் இருந்து பார்க்கிற ஒரே ஆள், அவர் குறை கண்டுகொண்டே இருந்த மருமகள். அவர் நன்றி சொல்லாததில் எனக்கு ஆச்சரியமில்லை. நன்றி சொல்லவேண்டுமென்றால் முதலில் நடந்ததை ஒத்துக்கொள்ளவேண்டும். நீங்கள் துணி மாற்றும்போது அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாரா? அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். திருப்பிக்கொண்டால் அது உங்கள் மேல் இருக்கிற வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. தனியாகச் செய்கிறேன், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு வந்த பெண்ணை நிறுத்தியது யார்? பெற்ற தாய்க்கு மகன் தன் கையால் விரித்த விரிப்பை, கல்யாணச் சேலையோடு வந்து பிரித்துப் போட்டது யார்? அந்த விரிப்பு சுருங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படுக்கைப்புண் வரக்கூடாது என்ற கவலை நியாயமானதுதான், சுருக்கமும் ஒரு காரணம்தான். அதற்கு இழுத்துவிட்டாலே போதும், இல்லாவிட்டால் கூப்பிட்டு எப்படி என்று காட்டிக்கொடுத்திருக்கலாம். நீங்கள் பிரித்துப் போட்டது அவர் கண்ணெதிரே. அதற்குப் பிறகு அவர் விரிப்பைத் தொட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. மாமி உங்கள் தம்ளருக்குச் செய்ததைத்தான் நீங்கள் அவர் விரிப்புக்குச் செய்தீர்கள். பாறசாலைத் தங்கச்சி சொன்ன நல்ல யோசனைக்கும் கதவைச் சாத்திவிட்டீர்கள். தனியாக விட்டுவிட்டார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிற உங்கள் பிடிவாதம். நானே சுமந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது சகோதரி. உங்களுக்கு வேறு எந்த ருசியும் மிச்சமில்லாததால் அதை விட மனம் வரவில்லை.

வீட்டில் இருக்கிற மற்றவர்களை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். 2019ல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நாடு முழுக்க நடத்தியது. அப்போது வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரி 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டுவேலையைத் தொட்டார்கள், தொட்டவர்களும் 97 நிமிடம். எனவே எரிச்சல் வந்தால் உடனே விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்காதீர்கள். அதில் பாதி வெறும் களைப்பு, இன்னொரு பங்கு நியாயமான கோபம். பையைக் கவிழ்த்துவிட்டுப் போகிற மகனுக்குத் துவைக்கத் தெரியாதா? ஹாஸ்டலில் வாளி இருக்கிறது.

ஆயரம்மா கொடுத்த வசனம் நல்ல வசனம். ஆனால் அது வேலைக்காரருக்குச் சொன்னது, அந்தக் காலத்தில் அடிமைகள். வேறு வழியில்லாதவர்களிடம், உங்கள் உழைப்பை எஜமான் மதிக்காவிட்டாலும் கர்த்தர் கணக்கில் இருக்கிறது என்று பவுல் ஆறுதல் சொல்கிறார். அதே மூச்சில், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில், எஜமான்களைப் பார்த்து நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார் என்கிறார். உங்கள் வீடு அடிமை வீடு இல்லை. அந்த அட்டையைத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டி நீங்கள் மட்டும் பார்ப்பதைவிட, சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒட்டினால் நாலு பேரும் பார்க்கலாம். அவர்கள் செய்யவேண்டியதும் கர்த்தருக்கென்றே செய்யவேண்டியதுதானே?

நீங்கள் கேட்ட சந்தோஷத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முற்றம், பாத்திரம், துணி, மாமி, இத்தனைக்கும் மேலே சந்தோஷமாக இருப்பதையும் ஒரு வேலையாக எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். அதையும் சரியாகச் செய்யவில்லை என்று இப்போது உங்களையே திட்டுகிறீர்கள். மற்றப் பெண்கள் முகத்தில் நீங்கள் பார்க்கிற சிரிப்பு கோயில் வாசலில் பார்த்த சிரிப்பு. அவர்கள் வீட்டு மீன்சட்டியை நீங்கள் பார்த்ததில்லை.

லூக்கா 15ல் தொலைந்த ஆட்டைத் தேடின மேய்ப்பனும் இருக்கிறான், இளைய குமாரனுக்காகக் காத்திருந்த தகப்பனும் இருக்கிறான். பிரசங்கங்களில் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் இடம் அதிகம். நடுவில் ஒருத்தி இருக்கிறாள். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, தொலைந்த வெள்ளிக்காசைத் தேடுகிறவள். கர்த்தர் தம் பிதாவின் மனம் எப்படிப்பட்டது என்று காட்டத் துடைப்பம் பிடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இதைவிடப் பெரிய மரியாதை வீட்டுவேலைக்கு என்ன வேண்டும்? அதற்கு நீங்கள் பாட்டுப் பாடி அலங்காரம் செய்யவேண்டியதில்லை. ஆனால் அவள் பெருக்கும்போது சந்தோஷப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லை. ஜாக்கிரதையாய்த் தேடினாள், அவ்வளவுதான். சந்தோஷம் பிறகு வருகிறது, காசு கிடைத்து, சிநேகிதிகளையும் அயல்வீட்டுக்காரிகளையும் வரவழைத்தபோது. வீட்டுக்குள் ஆள் வந்தபோது. நீங்கள் நர்ஸைக்கூட உள்ளே விடமாட்டேன் என்கிறீர்கள்.

மார்த்தாளையும் விடமுடியாது, உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், மரியாளைப் போல இரு என்று. எனக்கு மார்த்தாளிடம் பிடித்தது அவள் வாய். தனியே வேலை செய்ய என் சகோதரி என்னை விட்டுவிட்டாளே, உமக்குக் கவலையில்லையா என்று கர்த்தரிடமே கேட்டுவிட்டாள். சட்டியைச் சுரண்டிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கவில்லை. கர்த்தர் அவளைத் திருத்தினார், ஆனால் விரட்டவில்லை. இதற்குப் பிறகு லாசரு செத்தபோது, நீரே கிறிஸ்து என்று பேதுருவுக்குச் சமமாக அறிக்கை செய்தவள் அவள்தான். யோவான் 12ல் அதே ஊரில் மறுபடி விருந்து, மறுபடி மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். அன்றைக்கும் மரியாள் அவர் பாதத்தில்தான் இருக்கிறாள். இந்த முறை மார்த்தாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலை அதே வேலை. உள்ளே இருந்ததை ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே கொட்டியிருந்தாள். நீங்களும் கொட்டுங்கள். ஆயரம்மா சொன்ன பாட்டு வரவில்லையா, விடுங்கள். துணி மாற்றும்போது வருகிறதே, அந்த நினைப்பையே ஜெபமாகச் சொல்லுங்கள். ஆண்டவரே, எனக்கு இவர்களைப் பார்க்க முடியவில்லை, இது எப்போது முடியும் என்று. சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இது தாண்டிச் செய்யவேண்டியவை கொஞ்சம்தான். ஆயரிடமோ ஆயரம்மாவிடமோ தனியாக இந்த ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பாத்திரக் கதை வேண்டாம். அடுத்த முதல் ஞாயிறு ஆசீர்வாதம் சொல்லும் வரைக்கும் உட்காருங்கள்.

கேரளத்தில் 2008லேயே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டது, தங்கச்சி சொல்கிற நர்ஸ் அதன் வழியில் வருகிறவராக இருக்கலாம். நம் பக்கத்திலும் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்திருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியின் பெயரைப் பதியச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்புங்கள். நீங்கள் போகாதீர்கள். நர்ஸ் வருகிற அன்றைக்கு முற்றம் பெருக்காமலே கிடக்கட்டும், அவர் இலையைப் பார்க்க வரவில்லை.

ராத்திரித் துணி மாற்றுவதை இன்று முதல் வீட்டுக்காரரிடம் விடுங்கள். விரிப்பு கோணலாக இருந்தாலும் கையை வைக்காதீர்கள். முடியாது, இது பெண்கள் வேலை என்றால் அவருக்குத் தெரிந்த கணக்கிலேயே பேசுங்கள். ரப்பரை ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறார்? ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். மரத்துக்குக் கொடுக்கிற முறையை மனைவிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கமே வராமல் போனாலோ, மாமியைத் திருப்பும்போது கை கடுமையாகிறது என்று உங்களுக்கே தோன்றினாலோ, உங்களையே முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு வந்தாலோ, ஒருநாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

மைனியை மறந்துவிடவில்லை. கேக்கோடு வரும் வரைக்கும் காத்திருக்காமல் நீங்களே போன் போடுங்கள். ஜன்னல் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், குரலில் குத்தலும் வேண்டாம். அம்மையோடு இரண்டு ராத்திரி வந்து படுக்க முடியுமா, எனக்குத் தூங்கவேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.